குதிரை இருக்கட்டும், பெயர் வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு

தருமபுரியில் ஆண்டுதோறும் மாணவர் ஓவியக் கண்காட்சி நடத்தும் விழாக் குழுவினர் அனைவருக்கும்,

இந்த ஆண்டு நீங்கள் கொடுத்த தலைப்பு ‘என்னைக் கவர்ந்த இந்திய ஓவியர்’. எங்கள் பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அதற்கு எம்.எஃப். ஹுசைனைத் தேர்ந்தெடுத்தாள். பாய்ந்து வரும் மூன்று குதிரைகள், அவற்றுக்குக் கீழே முகம் வரையப்படாத ஒரு தாய். இதுதான் அவள் ஓவியம். கூடவே ஓவியரைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பும் எழுதியிருந்தாள். கண்காட்சி திறந்த அன்று காலையில் நாங்கள் வந்தபோது ஓவியம் மாட்டியிருந்தது. குறிப்பைக் காணவில்லை. ஓவியத்துக்கு அடியில் அவள் எழுதியிருந்த ஹுசைன் என்ற பெயரின் மேல் வெள்ளைத் தாள் வெட்டி ஒட்டியிருந்தது.

என்ன இது என்று கேட்டபோது உங்களில் ஒருவர் சொன்னார்: “படம் அருமையா இருக்கு சார், அதனாலதான் எடுக்கல. பேரு மட்டும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். நாளைக்கு யாராவது வந்து கேட்டா யார் பதில் சொல்றது?” யாராவது வந்து கேட்டார்களா என்றேன். இல்லை என்றார். கடிதமோ போனோ வந்ததா என்றேன். அதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த இன்னொருவர், “அவரு கத்தார் குடிமகன் சார். தலைப்பே இந்திய ஓவியர்னுதானே” என்றார். அந்தப் பெண் என் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நான் சத்தம் போடவில்லை. பிள்ளைகள் புதுச் சட்டை போட்டு, பெற்றோரை அழைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்கள் நாளைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆனால் இதே கண்காட்சி அடுத்த மாதம் கிருஷ்ணகிரிக்குப் போகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்தத் தாளோடு அது அங்கே போகக் கூடாது. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் கத்தார் விஷயத்துக்கே வருகிறேன். ஹுசைன் 1915-ல் பண்டரிபுரத்தில் பிறந்தவர். ஒன்றரை வயதில் தாயை இழந்தார். வளர்ந்தது இந்தோரில். பிறகு பம்பாய்க்குப் போய் சினிமா பேனர் வரைந்தார், பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தார். 1947-ல் எஃப்.என். சூசாவும் எஸ்.எச். ரசாவும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய முற்போக்கு ஓவியர் குழுவில் அவரும் ஒருவர். சூசா 1949-ல் லண்டனுக்குப் போனார். ரசா 1950-ல் பாரிஸுக்குப் போனார். வெளிநாட்டில் நிரந்தரமாகப் போய்த் தங்காமல் இங்கேயே இருந்தவர் ஹுசைன். 1955-ல் மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் முதல் தேசியக் கண்காட்சியில் அவருடைய ‘ஜமீன்’ ஓவியத்துக்குப் பரிசு கிடைத்தது. நிலம் என்ற பெயரில் நம் கிராமங்களை வரைந்த ஓவியம் அது. 1973-ல் பத்மபூஷண். 1986-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர். 1991-ல் பத்மவிபூஷண். 2006-ல் நாட்டை விட்டுப் போனபோது அவருக்கு வயது 90. கத்தார் குடியுரிமையை ஏற்றது 2010-ல். அடுத்த ஆண்டு ஜூன் 9-ஆம் தேதி லண்டன் மருத்துவமனையில் இறந்துபோனார். தொண்ணூறு ஆண்டு இந்தியராக வாழ்ந்தவரைக் கடைசி ஒன்றேகால் ஆண்டை வைத்து அயல்நாட்டுக்காரர் என்கிறீர்கள்.

அதே கண்காட்சியில், நுழைவாசலுக்கு வலப்பக்கச் சுவரில், வேறொரு பள்ளி மாணவன் ரசாவின் பிந்து என்ற வட்டப் புள்ளி ஓவியத்தைப் பார்த்து வரைந்த படம் மாட்டியிருந்தது. அதன் அடியில் ரசாவின் பெயர் பளிச்சென்று இருந்தது. மகிழ்ச்சி. அந்தப் பையன் நன்றாகவே வரைந்திருந்தான். ரசா அறுபது ஆண்டு பிரான்சில் வாழ்ந்தவர். முதிய வயதில், 2010-ன் இறுதியில்தான் தில்லிக்குத் திரும்பினார். அவரை இந்திய ஓவியர் என்று ஏற்க உங்களுக்குத் தயக்கம் வரவில்லை, வரவும் கூடாது. ஆகவே குடியுரிமை காரணம் இல்லை. காரணம் பயம். அதைப் பயம் என்றே சொல்லியிருந்தால் நாம் பேசியிருக்கலாம்.

அந்தப் பெண் இவரை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்று உங்களில் யாரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன்.

வகுப்பில் ஹுசைனின் அன்னை தெரசா ஓவியங்களைக் காட்டினேன். நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை, மடிப்புகள், குழந்தையை ஏந்திய கைகள் எல்லாம் இருக்கும். முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். “ஏன் சார் மூஞ்சி போடல?” என்று கேட்டவள் அவள்தான். அவர் தாயின் முகம் அவருக்கு நினைவில் இல்லை, அந்தத் தாயைத்தான் கடைசிவரை தேடிக்கொண்டிருந்தார் என்று சொன்னேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் பிள்ளைக்கும் சின்ன வயதிலேயே தாய் இல்லை, பாட்டி வளர்ப்பு. அவள் குறிப்பேட்டில் அன்றே வரைய ஆரம்பித்துவிட்டாள். சேலையின் மடிப்பு சரியாக விழவில்லை என்று பாட்டியின் பழைய நூல் சேலையை நாற்காலியில் போட்டுப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். உங்கள் சுவரில் மாட்டியிருந்தது அந்தச் சேலைதான்.

குதிரைக்கு வேறு கதை. பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறை ஓவியங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். குகைச் சுவரில் வெள்ளை வண்ணத்தில், குதிரை மேல் ஆட்கள். உடம்பு ஒரு கோடு, கால் நாலு கோடு, அவ்வளவுதான். ஆனால் ஓடுவது தெரியும். மாணவர்களை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். ஹுசைன் 1952-ல் சீனா போய், அங்கே கண்ட குதிரை ஓவியங்களையும் சுடுமண் குதிரைகளையும் மனத்தில் வாங்கிக்கொண்டு வந்தவர். முகரம் ஊர்வலத்துக் குதிரையும் சிறுவயது முதலே அவருக்குள் இருந்தது. இந்தப் பெண் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தாள். அவள் வரைந்த மூன்று குதிரைகளில் கடைசிக் குதிரை மல்லப்பாடிக் குதிரை. வெறும் வெள்ளைக் கோடு. எங்கோ பிறந்த ஒரு ஓவியரையும் தன் மண்ணின் பாறையையும் பதினாறு வயதில் ஒரே தாளில் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். நடுவர்கள் இதைக் கவனித்தார்களா என்று தெரியவில்லை. பெயரை மறைத்த பிறகு இதைப் புரிந்துகொள்ள வழியும் இல்லை.

எனக்கும் ஹுசைனுக்கும் உள்ள உறவையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் ஆவதற்கு முன் நான் பேனர் வரைந்தவன். தருமபுரி பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு ஆர்ட்ஸ் கடையில் தொழில் கற்றுக்கொண்டேன். நாலு அங்குல ஸ்டில்லில் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டத்தை இருபது அடித் துணியில் நூல் பிடித்து அடித்து, சாரத்தில் ஏறி ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும். கிட்டே நின்றால் மூக்கு எது கன்னம் எது என்று தெரியாது. இறங்கி ரோட்டைத் தாண்டி நின்று பார்க்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். அந்தத் தொழில் செய்தவனுக்கு ஹுசைனின் கோட்டைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். தயங்காத கறுப்புக் கோடு. தோளில் தொடங்கி முழங்கை மடங்காமல் இழுத்த கோடு. அது கல்லூரியில் வந்ததில்லை, சாரத்தின் மேல் வந்தது. ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் தொழில் போன பிறகு, ‘பேனர்காரன்தானே’ என்று என்னைச் சொன்னவர்கள் உண்டு. அப்போதெல்லாம் இவர் பெயர்தான் எனக்குத் துணை.

அவர் வரைந்ததெல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் இந்திரா காந்தியைத் துர்க்கையாக வரைந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அதிகாரத்தின் பக்கம் நின்று வரைந்த படம் அது என்றே இன்றும் வகுப்பில் சொல்கிறேன். ஆடையில்லாமல் அவர் வரைந்த சரஸ்வதி கோட்டோவியத்தைப் பார்த்து மனம் நொந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் என் உறவினர்களும் உண்டு. அந்த வருத்தத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் நடந்தது என்ன என்பதைத் தெரிந்துகொண்டு வருந்த வேண்டும். அந்தக் கோட்டோவியம் 1970-களில் வரைந்தது. இருபது ஆண்டு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. 1996-ல் ஒரு இந்திப் பத்திரிகை, அவரை ஓவியரா கசாப்புக்காரரா என்று கேட்டு அதை அச்சிட்டபோதுதான் வழக்குகள் வந்தன. 1998-ல் அவர் வீடு தாக்கப்பட்டது. இதே மனிதர்தான் சோஷலிசத் தலைவர் ராம்மனோகர் லோகியா சொன்னார் என்பதற்காக ஐதராபாத்தில் உட்கார்ந்து வருடக்கணக்கில் ராமாயணத்தை வரைந்தவர். 2004-ல் அவர் இயக்கிய திரைப்படத்தின் பாட்டு ஒன்றைச் சில முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. அந்தப் படத்தையும் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெற்றார். அவருக்கு எந்தப் பக்கமும் நிழல் இல்லை.

அப்புறம் 2006. காஷ்மீர் நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக நடத்தவிருந்த ஏலத்தில் அவர் ஓவியம் ஒன்று இருந்தது. இந்திய வரைபடத்தின் வடிவில் ஒரு பெண், ஆடையில்லாமல். ‘பாரத மாதா’ என்ற தலைப்பை அவர் வைக்கவில்லை. எதிர்ப்பு வந்ததும் அவர் மன்னிப்புக் கேட்டார், ஓவியத்தை ஏலத்திலிருந்து எடுத்தார்கள். அது போதவில்லை. ஊர் ஊராக வழக்கு. அவர் பிறந்த பண்டரிபுரத்திலும் வளர்ந்த இந்தோரிலும்கூட வழக்கு. தலைக்கு விலை வைத்துப் பேசினார்கள். சொத்துகளை முடக்க உத்தரவு வந்தது. அதன் பிறகு அவர் வாழ்க்கை துபாயும் லண்டனும் தோகாவுமாக ஆகிவிட்டது.

பாப்பாரப்பட்டிக்காரனான எனக்குப் பாரத மாதா என்றால் யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. சுப்பிரமணிய சிவா எங்கள் ஊரில் நிலம் வாங்கி அவளுக்குக் கோயில் கட்ட நினைத்தார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். சிறையில் தொழுநோய் வாங்கிவந்த சிவாவை வெள்ளைக்காரன் ரயிலில் ஏறக் கூடாது என்றான். அவர் நடந்தே ஊர் ஊராகப் போனார். 1925-ல் எங்கள் ஊரிலேயே உயிர்விட்டார். நோயாளியை ரயிலில் ஏற்றினால் பிரச்சினை என்று அன்றைக்கும் ஒரு காரணம் சொல்லித்தான் அவரை ஒதுக்கினார்கள். அந்த நினைவிடத்தைத் தாண்டித்தான் எங்கள் பிள்ளைகள் தினமும் பள்ளிக்கு வருகிறார்கள். பாரத மாதாவின் பெயரால் தொண்ணூறு வயது மனிதரை ஊர் திரும்ப விடாமல் செய்ததை அவர்களுக்கு எப்படி விளக்குவது என்று சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொன்னது என்பதையும் அந்தக் குறிப்பில் அவள் எழுதியிருந்தாள். நீங்கள் எடுத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன். 2008 மே 8-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அந்த இந்திய வரைபட ஓவியம் தொடர்பான வழக்குகளை ரத்து செய்தார். தொண்ணூறு வயது ஓவியர் தன் வீட்டில் இருந்து வரைந்துகொண்டிருக்க வேண்டியவர் என்ற பொருளில் தீர்ப்பை முடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பில் தலையிட மறுத்தது. கவுல் அவர்கள் பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக வந்தார். 2016 ஜூலையில், ‘மாதொருபாகன்’ நாவல் தொடர்பான பெருமாள்முருகன் வழக்கில் எழுத்தாளர் மீண்டும் எழுதட்டும் என்று தீர்ப்புச் சொன்னது அவர் தலைமையிலான அமர்வுதான். அந்த வழக்கின் தொடக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். நாமக்கல்லில் சமாதானக் கூட்டம் என்று உட்கார வைத்து, ஊர் அமைதிக்காக என்று சொல்லித்தான் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். ஹுசைனை விரட்டியவர்கள் வழக்குப் போட்டவர்களும் வீட்டைத் தாக்கியவர்களும் மட்டும் என்றால், நீதிமன்றம் விடுவித்த பிறகு அவர் திரும்பியிருப்பார். அவர் திரும்பாததற்கு உங்களைப் போன்ற நல்லவர்களும் காரணம். அந்தத் தீர்ப்பு வந்த மூன்று மாதத்தில், 2008 ஆகஸ்டில், தில்லியில் ஒரு பெரிய கலைச் சந்தை நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் காட்சிக்கூடங்கள் வந்தன. ஹுசைன் ஓவியம் ஒன்றுகூட வைக்க வேண்டாம் என்று அமைப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். பாதுகாப்புதான் காரணம் என்றார்கள். அதைக் கண்டித்து சஹ்மத் என்ற தில்லிக் கலைஞர்கள் அமைப்பு அவர் படங்களைத் தனியே காட்சிக்கு வைத்தது. அங்கே சிலர் புகுந்து உடைத்தார்கள். ஆபத்து நிஜம்தான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் அவர்கள் மறுபடி மாட்டினார்கள். சட்டம் கதவைத் திறந்த பிறகும், ‘நமக்கேன் வம்பு’ என்று ஒவ்வொரு அமைப்பாளரும் தன் கதவைச் சாத்தினால், ஒரு ஓவியர் எந்த ஊருக்குத் திரும்புவார்? உங்கள் வெள்ளைத் தாளும் அப்படிச் சாத்திய கதவுதான். அவர் இறந்து இத்தனை ஆண்டுக்குப் பிறகும் சாத்துகிறீர்கள்.

சந்தைக்கு அந்தப் பயம் இல்லை. 1954-ல் அவர் வரைந்த, பதினாலு அடி நீள ‘கிராம யாத்ரா’வை அப்போதே நார்வே மருத்துவர் ஒருவர் வாங்கிப் போனார். பல பத்தாண்டுகள் அது ஆஸ்லோவில் ஒரு மருத்துவமனையில் தொங்கியது. 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 1.38 கோடி டாலருக்குப் போனது. நவீன இந்திய ஓவியம் எதற்கும் அதுவரை கிடைக்காத விலை. அதே ஆண்டு தோகாவில் அவருக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். நம் கிராமத்து மாட்டுவண்டியையும் திரிகையையும் வரைந்தவரைப் பற்றித் தெரிந்துகொள்ள நம் பிள்ளை கத்தாருக்குப் போக வேண்டுமா? தருமபுரி அகழ்வைப்பகத்தில் போய்ப் பாருங்கள். மாடு மீட்டுச் செத்த சாதாரண வீரனுக்குப் பெயரும் பீடும் எழுதிக் கல் நட்ட மண் இது.

இனி என் கோரிக்கைகள்.

கிருஷ்ணகிரிக் கண்காட்சி தொடங்குவதற்கு முன் அந்தத் தாளை எடுக்க வேண்டும். எடுக்கும்போது அடியில் இருக்கும் எழுத்து பெயர்ந்துவராமல் தண்ணீர் தொட்டு மெதுவாக எடுங்கள். இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நானே வந்து எடுத்துத் தருகிறேன். அவள் எழுதிய குறிப்பை ஒரு வரியும் வெட்டாமல் ஓவியத்தின் பக்கத்தில் மாட்ட வேண்டும். குறிப்பு எங்கே இருக்கிறது என்றே இதுவரை யாரும் சொல்லவில்லை. தொலைந்துவிட்டது என்றால் சொல்லுங்கள், அவளிடம் வரைவு இருக்கிறது.

அவளுக்குக் கொடுத்த சான்றிதழைப் பார்த்தேன். மற்ற பிள்ளைகளின் சான்றிதழில் தேர்ந்தெடுத்த ஓவியர் என்ற இடத்தில் பெயர் இருக்கிறது. இவளுடையதில் ஒரு கோடு இழுத்திருக்கிறீர்கள். புதுச் சான்றிதழ் அடித்துக் கொடுங்கள், பெயரோடு. அதை அஞ்சலில் அனுப்பாமல் உங்களில் ஒருவர் பள்ளிக்கு வந்து அவள் கையில் கொடுக்க வேண்டும். ஏன் மறைத்தோம் என்பதை அவளிடமும் அவள் பாட்டியிடமும் நேரில் சொல்ல வேண்டும். அவளுக்கு நீங்கள் சொல்லும் உண்மையான காரணமே போதும். கத்தார் கதை வேண்டாம்.

அடுத்த ஆண்டு விதிமுறையில் ஒரு வரி சேருங்கள்: மாணவரின் சம்மதம் எழுத்தில் வாங்காமல் படைப்பிலோ குறிப்பிலோ எதையும் எடுக்கவோ மறைக்கவோ மாட்டோம். எதிர்ப்பு வரும் என்று தோன்றினால் காவல் நிலையத்தில் பாதுகாப்புக் கேளுங்கள். அதற்கான மனுவை எழுதித் தர நானும் இன்னும் சில ஓவிய ஆசிரியர்களும் தயார். ஹுசைன் வரைந்தது தவறு என்று நினைப்பவர்கள் வந்தால் அவர்களையும் உட்கார வைத்துப் பேசுவோம். கிருஷ்ணகிரியில் ஒரு மாலை அதற்கென்று ஒதுக்குங்கள். அவர்கள் கேட்கட்டும், அந்தப் பெண்ணும் பேசட்டும், நானும் பதில் சொல்கிறேன்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை என்பதைக் கிருஷ்ணகிரி அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் எழுத்தில் தெரிவியுங்கள். பெயரை மறைத்தே மாட்டுவோம் என்பது உங்கள் முடிவானால், ஓவியத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் பள்ளி வராந்தாவில் பெயரோடு மாட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்,
பாப்பாரப்பட்டி, தருமபுரி மாவட்டம்.